சூடான கப்டனா, அமைதியான கப்டனா?

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலிருந்து கல்முனை வரை, விளையாட்டுக் கழகங்கள் கப்டனைத் தெரிவு செய்யும்போது வரும் குழப்பம் இது.

விலை: சூடானவருக்கு அதிகம். 2006 உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரான்ஸ் கப்டன் சிடான் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை வாங்கினார். பிரான்ஸ் பெனால்டியில் தோற்றது. அமைதியானவருக்குச் செலவு குறைவு. 'இவனுக்கு உணர்ச்சியே இல்லை' என்ற பேச்சு மட்டும் கேட்க வேண்டிவரும்.

அணி: சோர்ந்த பெடியன்களை எழுப்பச் சூடானவரின் ஒரு சத்தம் போதும். அமைதியானவரிடம், பிழை விட்டவனும் பயப்படாமல் அடுத்த பந்தைக் கேட்பான்.

ஊர்: இதுதான் பெரிய விசயம். தமிழூர் அணியும் முஸ்லிம் ஊர் அணியும் மோதும்போது கப்டன் நடுவரைப் பார்த்துக் கத்தினால், கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் சூடு ஏறும். அமைதியானவர் கைகாட்டினால் அவர்களும் அடங்குவார்கள். அதற்காக எல்லாக் கோபமும் கெட்டதல்ல. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் நோபோல் கொடுத்தபோது, இலங்கை கப்டன் ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிப்போனார். அபராதமும் வந்தது. ஆனால் அது தனக்காக வந்த கோபமல்ல. (அந்த ஆட்டத்தை இலங்கை 1 விக்கெட்டால் வென்றது, அது வேறு கதை.)

சரி, தோற்றுத் தோற்றுத் தளர்ந்துபோன கழகம் என்றால் சூடானவரைப் போடுங்கள். அயலூரோடு அடிக்கடி விளையாடும் கழகத்துக்கு அமைதியானவர்தான். சூடானவர் உப கப்டனாக இருக்கட்டும்.