ஆவாரம்பாளையத்துல ஒரு கிரைண்டர் சர்வீஸ் கடை

கோயமுத்தூரு கணபதியில ஊட்டுலயே இட்லி மாவு அரைச்சு விக்கறேனுங்க. போன வாரம் கிரைண்டர் உறுமுது, சுத்தலை. டிரம்மைக் கையில தள்ளிவிட்டா ஓடுது. முதல்ல காட்டுன கடையில மோட்டார் காயில் போச்சு, கம்பியப் புதுசாச் சுத்தற ரீவைண்டிங்குக்கு 2,200 ஆகும்னாங்க. மனசு ஒப்பலை. ஆவாரம்பாளையத்துல ஒரு அக்கா பாக்கறாங்கன்னு கேட்டு ஆட்டோவுல ஏத்திட்டுப் போனேன்.

1955-ல சபாபதி முதல் கிரைண்டர் செஞ்ச ஊரு நம்ம கோயமுத்தூரு, கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சு. ஆனா ஸ்பானர் புடிச்ச பொம்பளையாளை நான் பாத்தது அந்த ஒரு கடையிலதான்.

அக்கா ஒருக்கா பிளக்கைப் போட்டுப் பாத்தாங்க. "மோட்டாரைக் கிளப்பிவிடற கப்பாசிட்டர் போச்சுங் அம்மணி, மோட்டார் நல்லாத்தான் இருக்குது." குழவியைத் தடவிப் பாத்துட்டு, வழவழன்னு ஆயிருச்சேன்னு உளியோட உக்காந்துட்டாங்க. முக்கால் மணி நேரம், ஒரே அளவாக் கொத்து. முடிச்சதும் ஒரு புடி பச்சரிசியப் போட்டுத் தள்ளிவிட்டு ஓட்டுனாங்க. மாவு சாம்பல் நிறத்துல வந்துச்சு. "கல்லுத்தூளுங். இன்னும் ரெண்டு தடவை அரைச்சுக் கொட்டிப்போட்டு அப்பறம் யாவாரத்துக்கு அரைங்."

குறைன்னா ஒண்ணுதான்: கப்பாசிட்டர் ஸ்டாக் இல்லை. ரெண்டு நாள் காத்திருந்தேன், எனக்கு ரெண்டு நாள் யாவாரம் போச்சு. கோவமாத்தான் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரருக்கு 30 நாள் கடன்ல சாமான் பெட்டி பெட்டியா இறங்குதாம். 11 வருசமா கடை நடத்தற அக்காவுக்கு இன்னும் ரொக்கந்தான், அதனால ஸ்டாக் வெக்க முடியலை. அந்தக் கடனெல்லாம் பேசி முடியறது சாயங்காலம் பேக்கரி வாசல்ல, டீ கிளாசும் கையுமா. அங்க போய் அக்கா நின்னா என்ன பேசுவாங்கன்னு நம்மூர்க்காரங்களுக்குச் சொல்லோணுமா? சின்ன யாவாரத்துக்கு அரசாங்கத் திட்டத்துல குடுக்கற முத்ரா லோனுக்கு அடமானம் வேண்டாம்னு 2015-ல இருந்து சொல்றாங்க. பேங்குக்குப் போனா ஊட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்களாம். எனக்கும் அதே கதைதான்.

கப்பாசிட்டர் 150, கொத்துக்கூலி 400. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க. இப்ப மாவு நைசா விழுகுது, நேரமும் கால் மணி குறைஞ்சிருக்குது. காலைல 10 மணிக்குத் திறந்து 4-க்கெல்லாம் பூட்டிருவாங்க. பேத்தி ஸ்கூல் வேன் வந்துருமாம்.

போறவங்க பிளக்கைப் புடுங்கிட்டு, கப்பாசிட்டரைத் தொடாம, அது மேல இருக்கற மைக்ரோஃபாரட் (µF) நம்பரை மட்டும் போட்டோ எடுத்து முந்தின நாளே அக்காவுக்கு அனுப்பிருங்க. ரெண்டு நாள் மிச்சம்.