249 கிராமா, 720 கிராமா? அதற்கு முன், எந்தக் கடல்?

புதிய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். ரயிலே நின்று வழிவிடுகிற ஊர் இது. இங்கே கால் கிலோ ட்ரோனை வானில் ஏற்றுகிறவர்கள், வாங்குவதற்கு முன் கேமராவைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். கேமராவை விடுங்கள். கால் கிலோவுக்குள் ஒன்று, அதைவிடக் கனமானது ஒன்று என்று இன்றைக்கு விற்கும் இரண்டு வகையிலும் கல்யாண வீடியோவுக்குப் போதுமான கேமரா இருக்கிறது. வித்தியாசம் காற்றில்தான் தெரியும்.

எடுத்துக்காட்டுக்கு டிஜேஐ நிறுவனத்தின் இரண்டு ட்ரோன்களை எடுத்துக்கொள்கிறேன். மினி 4 புரோ 249 கிராமுக்குள் அடங்கும். ஏர் 3 என்பது 720 கிராம். தயாரிப்பாளர் கணக்குப்படி சிறியது விநாடிக்கு 10.7 மீட்டர் காற்றையும், பெரியது 12 மீட்டர் காற்றையும் தாங்கும். மணிக் கணக்கில் முறையே 38.5, 43 கிலோமீட்டர். மூன்று மடங்கு எடைக்கு இவ்வளவு சின்ன வித்தியாசம்தானா என்று தோன்றும். தாங்குவது என்றால் இருந்த இடத்தில் நிலைத்து நிற்பது. நமக்கு வேண்டியதோ திரும்பி வருவது.

ஆடி மாதக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறியதன் உச்ச வேகம் ஸ்போர்ட் நிலையில் 16 மீட்டர். காற்றோடு போகும்போது இரண்டும் சேர்ந்து 26. ஒரு கிலோமீட்டரை 38 விநாடியில் கடந்துவிடும். ஓட்டுகிறவருக்கு உற்சாகம் தாங்காது. திரும்பும்போது 16இல் 10 போக மிஞ்சுவது 6. அதே கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 47 விநாடி ஆகும். ஸ்போர்ட் நிலைக்கு மாற்றத் தெரியாமல் சாதாரண நிலையின் 12 மீட்டரிலேயே இழுத்துக்கொண்டு வந்தால் எட்டு நிமிடத்துக்கு மேல். பெரியதன் உச்ச வேகம் 21. எதிர்காற்றில் 11 மிஞ்சும், ஒன்றரை நிமிடத்தில் கரை சேரும். பேட்டரியிலும் 34 நிமிடத்துக்கு 46 நிமிடம் என்று பெரியதே முந்துகிறது. அந்த நிமிடங்கள் காற்றில்லா நேரத்துக் கணக்கு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆக, காற்றைப் பொறுத்தவரை பெரியதற்கே என் ஓட்டு.

ஆனால் பெரியதை வைத்துக்கொண்டும் இங்கே தோற்கலாம். என் அக்காள் மகன் தோற்றான். போன ஆவணியில் தனுஷ்கோடி சாலையில் நின்று பார்த்திருக்கிறான். தெற்கே ஆண் கடல், அதாவது மன்னார் வளைகுடா, பொங்கிக்கொண்டிருந்தது. வடக்கே பெண் கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அசையாமல் கிடந்தது. அமைதியான பக்கம்தானே பத்திரம் என்று வடக்கே பறக்கவிட்டான். "தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது மாமா" என்று பிறகு என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். குளம் மாதிரிதான் கிடக்கும். கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. வட கரையை ஒட்டிய நீரில் அது அலை எழுப்ப இடமில்லை. நிலத்தைக் கடந்து அப்போதுதான் நீரில் இறங்குகிறது. கீழே அமைதி, நூறு மீட்டர் உயரத்தில் முழு வேகக் காற்று, அதுவும் கடலை நோக்கி. ட்ரோன் இலங்கைத் திசையில் ஓடியது. திரும்பும் வழியில், கரைக்குச் சற்று முன்னால் பேட்டரி தீர்ந்து இறங்கிவிட்டது.

அதனால் எடைக்கு முன் கரையை ஒப்பிடுங்கள். கச்சான் காலத்தில் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்துத் தென் கரை அலை அடித்து மிரட்டும். ஆனால் அங்கே காற்று ட்ரோனை உங்களிடமே கொண்டுவந்து சேர்க்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். அப்போது தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் நல்லது. தென் கரையின் அமைதியை நம்பக் கூடாது. தனுஷ்கோடி போன்ற ஒல்லியான நிலத்தில் எந்தக் கரையிலிருந்தும் அடுத்த கடல் கூப்பிடு தூரம்தான். அங்கே எதிர்காற்றில் முதலில் போய், காற்றோடு திரும்புவதே வழி. பங்குனி, சித்திரைக் காலையில் எட்டு மணிக்குள் என்றால் சிறியதே போதும். அதற்குப் பிறகு கடல்காற்று எழும்பிவிடும்.

உப்பில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் மோட்டார் திறந்தே இருக்கிறது, இரண்டுமே மழைக்கு ஆகாது. வீடு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவையுங்கள். மணலில் இருந்து ஏற்றாதீர்கள். பாலத்து இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டியைச் சரிசெய்யாதீர்கள். பூநாரைக் கூட்டத்தின் மேல் ஓட்டுகிறவர்களுக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை.

சட்டத்தில்தான் சிறியது ஜெயிக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைச் சொந்த ஆசைக்கு ஓட்டினால் தேவையில்லை. காசு வாங்கிக் கல்யாணம் எடுத்தால் தேவை. இந்த ஒரு வரிக்காகவே பல வீடியோக்காரர்கள் காற்றுக்கு ஆகாத சிறியதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 2022 பிப்ரவரியில் முழுதாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, பில் இல்லாமல் கைமாறும் பொருளை வாங்குவது தனி அபாயம். எடை எதுவானாலும் உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் தேசியப் பூங்கா. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

நம் ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ளக் கந்தமாதன பர்வதம் ஒன்றுதான். அது ஒரு மேடு. ஆனால் இங்கே பழகியவர்கள் கோடைவிடுமுறைக்கு ட்ரோனோடு கொடைக்கானல் போகிறார்கள். கடல்காற்று முரட்டுத்தனமானது, ஆனால் ஒரே சீராக வீசும். மலைக்காற்று அப்படியில்லை, முகட்டைத் தாண்டி மறுபக்கம் கீழ்நோக்கி விழும். ஒதுக்குப்புறம் என்று நினைத்து அங்கே ஓட்டினால் ட்ரோனைத் தரையை நோக்கி அழுத்தும். நம் வட கரையின் அமைதியைப் போன்ற ஏமாற்றுதான் அதுவும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். விசிறி கூடுதலாகச் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. கடற்கரையில் 40 மீட்டர் வைத்துப் பழகிய கை அங்கேயும் 40 வைத்தால், நடுவில் நிற்கும் சரிவு அந்தக் கணக்கில் வராது.

அக்காள் மகன் மறுபடியும் வாங்கப் பணம் சேர்க்கிறான். இந்த முறை 249 கிராம்தான், காசு அவ்வளவுதான் என்கிறான். வாங்கட்டும். முதல் தடவை வாலிநோக்கத்துக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.