டர்பனில் மெடிக்கல் எய்டு (மருத்துவச் செலவுத் திட்டம்) வைத்திருப்பவர்களே, ஸ்டேட்மென்ட்டில் இருக்கும், மனநலப் பிரச்சினைகளுக்கான அந்த 'எஃப்' கோடைப் பாருங்கள்

மனநல மருத்துவரிடம் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அந்த மாத்திரை அப்போது நிஜமாகவே உதவியது. கோபமெல்லாம் அவர் எழுதிவைத்த காகிதத்தின் மேல்தான்.

2021 ஜூனில் கும்பகோணத்தில் அம்மா போய்விட்டார். கோவிட் சமயம், ஊருக்குப் போக வழியில்லை. இங்கே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில், வீட்டு ஹாலில் உட்கார்ந்து வாட்ஸப்பில்தான் காரியம் பார்த்தேன். அதிலும் பாதியில் லோட்ஷெடிங், கரண்ட் கட். அடுத்த மாதமே ஊரெல்லாம் கலவரம். தூக்கம் சுத்தமாகப் போனது. டாக்டரிடம் போனேன், சில மாதம் மாத்திரை, அப்புறம் அவரே மெல்லக் குறைத்து நிறுத்தினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

2024இல் வீட்டுக் கடனுக்காக லைஃப் கவர் கேட்டு விண்ணப்பித்தோம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: எனக்குப் பைபோலார் (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும்) நோய் இருப்பதை நான் மறைத்துவிட்டேனாம். பிரீமியம் கூடுதல், உடல் இயலாமைக்கான கவர் கிடையாது. அந்த வார்த்தையை எந்த டாக்டரும் என்னிடம் சொன்னதில்லை. என் கணவர் லெட்டரை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்: "கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சா? அத்தை ஒண்ணும் சொல்லலையே." அந்தக் கேள்விதான் பிரீமியத்தைவிட வலித்தது.

பழைய மெடிக்கல் எய்டு ஸ்டேட்மென்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல் வருகைக்கு எஃப்43.2. பெரிய இழப்பு, மாற்றம் வந்தபின் மனம் தடுமாறுவதற்கான கோடு அது. மூன்றாவது வருகையிலிருந்து எஃப்31.9, அதாவது பைபோலார். ஏன் இந்த மாற்றம் என்று கிளினிக்கில் கேட்டதற்கு ரிசப்ஷனில் இருந்தவர் கொஞ்சமும் தயங்கவில்லை: "அப்படிப் போட்டால்தான் மாத்திரைக்குக் காசு வரும் டார்லிங், உங்களுக்கு நல்லதுக்குத்தான்."

விஷயம் இதுதான். மெடிக்கல் எய்டுகள் சட்டப்படி கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் பைபோலார் இருக்கிறது. டிப்ரெஷன் இல்லை, துக்கம் இல்லவே இல்லை. மாதாமாதம் கொஞ்சம் ராண்டு மிச்சம் பிடிக்க என் தலையில் ஒரு நோயைக் கட்டியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கைக்காசு கொடுத்தே வாங்கியிருப்பேன். காப்பீட்டுக்காரர்களுக்கு அது எப்படிப் போனது? விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் நான் படிக்காமல் போட்ட கையெழுத்தில் அதற்கான சம்மதமும் இருந்தது.

இடையில் இன்னொன்று. தைப்பூசக் காவடியன்று கோயிலில் ஓர் ஆன்ட்டி என் கையைப் பிடித்து, "மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறீங்களாம்மா?" என்றார். தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் வருடத்து தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14வது பிரிவுப்படி, ஒருவர் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார் என்பதே ரகசியம். யார் சொன்னது என்று என்னால் நிரூபிக்க முடியாததால் அதை விட்டுவிட்டேன்.

நான் செய்த முதல் தப்பு, "அழித்துவிடுங்கள்" என்று கிளினிக்குக்கு மெயில் போட்டது. டாக்டர்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலின் விதிப்படி கோப்பைக் குறைந்தது 6 வருடம் வைத்திருக்க வேண்டும், எழுதியதை அழிக்கக்கூடாது என்று பதில் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான். கேட்க வேண்டியது திருத்தம்: பழையது தெரியும்படி இருக்க, தேதியும் கையெழுத்தும் போட்டுப் புதியதைச் சேர்ப்பது.

அதற்கு முதலில் கோப்பு கையில் வேண்டும். 'பாயா' எனும் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்டேன். பதில் சொல்ல 30 நாள் கெடு, 27ஆம் நாள் வந்தது. கைப்பட எழுதிய நான்கு பக்கக் குறிப்பு முழுவதும் அம்மா, தூக்கமின்மை, அழுகை. பைபோலார் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான்: மெடிக்கல் எய்டுக்குப் போன நாள்பட்ட மருந்துப் படிவத்தில். எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

பிறகு 'போப்பியா' எனும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 24வது பிரிவு. தவறான, தவறாக வழிநடத்தும் தகவலைத் திருத்தச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. டாக்டர் மறுத்தார். மறுத்தாலும், "திருத்தம் கேட்கப்பட்டது, செய்யப்படவில்லை" என்ற குறிப்பைக் கோப்பில் இணைக்கும்படி நாம் கேட்கலாம். கேட்டேன், இணைத்தார்கள். வேறொரு மனநல மருத்துவரிடம் மதிப்பீடு செய்துகொண்டு, அவருடைய கடிதத்தையும் மெடிக்கல் எய்டுக்கும் காப்பீட்டுக்கும் அனுப்பினேன். மெடிக்கல் எய்டு ஏற்றுக்கொண்டது. காப்பீடு இன்னும் 'பரிசீலனையில்'. டாக்டர் மேல் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

புது டாக்டரிடம் முதல் நாளே, "எந்தக் கோடு போடப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டைப் செய்தார்.