செட்டிநாட்டு அரசுப் பள்ளியில் 15 கணினிகள்: பத்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் 2013 முதல் கணினி ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். 2015 ஆகஸ்டில் எங்கள் ஆய்வகத்துக்கு 15 மேசைக் கணினிகள் வந்து இறங்கின. நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மூன்றாண்டு வாரண்டி. அவற்றில் 13 இன்றும் ஓடுகின்றன. பிளஸ் டூ மாணவர்கள் அவற்றில்தான் பைத்தான் நிரல் எழுதிப் பழகுகிறார்கள். பெட்டியைப் பிரித்த முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. பத்து கோடையும் பத்து ஐப்பசி மழையும் கண்ட கருவிகளைப் பற்றி எழுதுவோர் குறைவு என்பதால், பள்ளிக்குக் கணினி வாங்கப் போகும் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது கணினியைப் பற்றியே அன்று; அது மின்சாரத்தைப் பற்றியது. கணினிகள் வந்த இரண்டாம் ஆண்டிலேயே, கேபினெட்டின் ஓரத்தில் கை பட்டால் சுருக்கென்கிறது என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கினர். காலில் செருப்பு இல்லாமல் ஆய்வகத்துக்குள் வருவது எங்கள் வழக்கம்; ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் ஈரத்துணியால் துடைத்துக் காயாமல் இருந்தால் சுருக்கு இன்னும் கூடும். மல்டிமீட்டரை எடுத்து, கேபினெட்டுக்கும் சன்னல் கம்பியோடு சேர்ந்த தரைத் தொடர்புக்கும் இடையில் வைத்துப் பார்த்தேன். 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சிறு கன்டென்சர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருக்கும்வரை அவற்றின் வழியே கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்துவிட்டால் கேபினெட் முழுவதும் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியில் மிதக்கும். கணினி பழுதாகவில்லை, எர்த்தான் செத்துக் கிடந்தது.

ஆய்வகத்தின் பின்புறம் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது குழாயோடு கம்பி சேரும் இடம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. இணைப்பு நன்றாக இருந்திருந்தாலும் பயன் குறைவுதான்; எங்கள் பகுதியின் செம்மண்ணும் அதன் கீழே கிடக்கும் செம்பூரான் கல்லும் மாசி தொடங்கியதும் ஈரம் முழுவதையும் இழந்துவிடுகின்றன, ஈரமில்லாத மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்வதில்லை. மின்பணியாளர் அளவுகருவி கொண்டுவந்து பார்த்ததில் எர்த்தின் மின்தடை 30 ஓமுக்கு மேல் இருந்தது. அது 5 ஓமுக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்றார். 3 மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மூடியுடன் தொட்டி கட்டி முடிக்க 9,000 ரூபாய் ஆயிற்று. மாசி முதல் ஆவணி வரை வாரம் இருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம். அதற்கு முந்தைய ஓர் ஐப்பசி இடியில் மட்டும் மூன்று எஸ்எம்பிஎஸ்ஸும் நெட்வொர்க் சுவிட்சும் போயின. குழி போட்ட பிறகு இடியால் ஒரு பாகத்தைக்கூட இழக்கவில்லை. இந்தப் பத்தாண்டில் நாங்கள் செய்த செலவுகளிலேயே மிகுந்த பலன் தந்தது இந்த 9,000 ரூபாய்தான். எந்தக் கொள்முதல் பட்டியலிலும் அது ‘கணினி’ என்ற தலைப்பின் கீழ் வருவதில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

அடுத்தது யூபிஎஸ் பேட்டரி. காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் மின்கலன்களைப் பற்றி ஆராய்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, எங்கள் பேட்டரிகளை மேற்குப் பார்த்த தகரக் கூரைச் சேமிப்பறையில் வைத்திருந்தோம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி கூடும்போதும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சித்திரையில் அந்த அறைக்குள் நின்றால் மூச்சு முட்டும். முதல் தொகுதி பேட்டரிகள் இரண்டே ஆண்டில் படுத்துவிட்டதில் வியப்பில்லை. பள்ளியின் பழைய கட்டடம் ஊர் நகரத்தார் குடும்பம் ஒன்று கட்டிக் கொடுத்தது. சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள். அதன் மூலையறை ஒன்றைக் கேட்டு வாங்கி, 2018 இல் வாங்கிய இரண்டாம் தொகுதியை அங்கே வைத்தோம். அது ஐந்தாண்டு உழைத்தது. சன்னல்களை அடைக்கக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வெளியேறியாக வேண்டும்.

இனிக் கணினிக்கு வருகிறேன். 2019 வாக்கில் விண்டோஸ் 10 இல் ஒரு கணினி எழுந்து பயன்பாட்டுக்கு வர நான்கு நிமிடம் பிடித்தது. 45 நிமிடப் பாடவேளையில் கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக எட்டு நிமிடம் போனால், ஒரு கணினிக்கு இருவராக அமரும் பிள்ளைகளில் ஒருவருக்கு விசைப்பலகை கிடைக்காமலே மணி அடித்துவிடும். கருவி பழசாகிவிட்டது, புதிது கேட்டு எழுதுங்கள் என்று பலரும் சொன்னார்கள். பணி மேலாண்மைத் திரையைத் திறந்து பார்த்தபோது செயலியின் பயன்பாடு 15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. மூப்பு அடைந்திருந்தது சுழலும் தட்டு ஒன்றுதான்.

2021 இல், கொரோனா விடுமுறையில் பள்ளி மூடிக் கிடந்த நாட்களில், 15 கணினிகளுக்கும் சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான 240 ஜிபி எஸ்எஸ்டியும் கூடுதலாக ஒரு 4 ஜிபி ரேமும் போட்டோம். இரண்டும் சேர்ந்து ஒரு கணினிக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய். அன்று புதிய கணினி 40,000 ரூபாய்க்குக் குறையாது. முதல் கணினியை நானே பிரித்தேன். பக்கத் தகடு இரண்டு திருகில் கழன்றது. உள்ளே மின்விசிறியின் இறக்கைகளில் செம்மண் தூசி கம்பளிபோல் அடர்ந்திருந்தது. தூரிகையால் துடைத்து, செயலியின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, அழுத்தினால் இருபுறமும் ‘டக்’கென்று கொக்கி விழும்வரை உள்ளே இறக்கினேன். கணினியின் கடிகாரத்துக்கான, 20 ரூபாய் விலையுள்ள நாணய வடிவ பேட்டரியையும் மாற்றினேன். நாள் தவறிக் காட்டும் கணினியில் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் போவதற்கு அதுதான் காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மூடிவிட்டு மின்பொத்தானை அழுத்தினேன். 35 நொடியில் திரை வந்தது. நான்கு ஆண்டு கழிந்த பின்னும் ஒரே ஓர் எஸ்எஸ்டி மட்டும் கெட்டிருக்கிறது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள்.

எங்கள் பள்ளியின் இரண்டாவது ஆய்வகம் வேறு வகை. அங்கே ஒரு சர்வர். அதோடு இணைந்த 20 முனையங்கள். முனையத்துக்கெனத் தனி ஹார்ட் டிஸ்க் கிடையாது, நிரல்கள் அனைத்தும் சர்வரில்தான் ஓடும். பராமரிக்க எளிது, மின்செலவு குறைவு, ஒரே இடத்தில் மென்பொருளை நிறுவினால் 20 பேருக்கும் போய்ச் சேரும். இவையெல்லாம் உண்மை, நானே அனுபவித்தேன். ஆனால் ஒரு முறை சர்வரின் மின்வழங்கி கெட்டபோது 20 இருக்கைகளும் ஒரே நொடியில் இருண்டன. பராமரிப்பு ஒப்பந்தம் பெற்றிருந்த நிறுவனத்திலிருந்து ஆள் வர 47 நாள் ஆயிற்று. அந்த 47 நாளில் தினமும் தொலைபேசியில் புகார் எண்ணைச் சொல்லிச் சொல்லி அந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சர்வர் முறையைக் குறை கூறவில்லை. அந்த முறையை எடுத்தால் உதிரி மின்வழங்கி ஒன்று பள்ளியின் அலமாரியிலேயே இருக்க வேண்டும், இத்தனை நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் இவ்வளவு பிடித்தம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மாவட்ட அளவில் மொத்தமாக வாங்கும்போது விலை குறைவது பள்ளிக்கும் நன்மைதான். பழுது நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதே தாளில் தெளிவாக இருந்தால்தான் அந்த நன்மை நிலைக்கும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எங்கள் கணினிகளில் இல்லை; இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும் என்கிறார்கள். நன்றாக ஓடுகிற 13 கணினிகளை அதற்காகக் கழித்துக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டுக் கோடை விடுமுறையிலேயே உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிட்டோம். பிளஸ் ஒன் பாடநூலிலேயே விண்டோஸோடு உபுண்டுவும் கற்பிக்கப்படுவதால் பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இல்லை; சி++, பைத்தான் இரண்டும் தடையின்றி ஓடுகின்றன. ஓரிடத்தில்தான் சிக்கினோம். பைத்தானிலிருந்து சி++ நிரலை அழைக்கும் பிளஸ் டூ பாடம், விண்டோஸில் மின்ஜிடபிள்யூ என்ற சி++ தொகுப்பி நிறுவியிருப்பதாகக் கொண்டு எழுதப்பட்டது. செய்முறைத் தேர்வில் 20 மதிப்பெண் இருக்கும்போது பிள்ளைகளைக் குழப்பக் கூடாது என்பதால், பின்னாளில் வந்த புதிய கணினிகள் இரண்டில் விண்டோஸை வைத்து அந்த ஒரு பயிற்சியை அங்கே முறை வைத்துச் செய்ய வைக்கிறேன்.

இந்த மாற்றத்தில் நாங்கள் எதிர்பாராத தலைவலி தமிழ் எழுத்துரு. அலுவலகத்திலும் ஆசிரியர் அறையிலும் பத்தாண்டாகச் சேர்த்த வினாத்தாள்கள் பாமினியிலும் வானவில்லிலும் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அத்தனையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் காட்சி தரும். எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோடு) தமிழ்நாடு அரசு 2010 இலேயே தரமாக ஏற்றுவிட்டது, பழக்கம்தான் மாறவில்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு 600க்கு மேற்பட்ட கோப்புகளை மாற்றினோம், கொம்பும் துணைக்காலும் இடம் மாறியவற்றைக் கையால் திருத்தினோம். இப்போது ஆறாம் வகுப்பிலேயே தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குகிறேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய் என்ற அமைப்பைப் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர்களுக்கு அதைவிட அதிக நாள் ஆகிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களைப் போல 250க்கு மேல் 1,000 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் உண்டு. சுண்ணக்கட்டி முதல் கழிப்பறைத் தூய்மை வரை அதிலேதான் ஆக வேண்டும். எஸ்எஸ்டிக்கும் பேட்டரிக்கும் பழைய மாணவர்களிடம்தான் போனோம். மூடிக் கிடக்கும் தம் வீட்டைப் பார்த்துப்போகச் சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவரை முகப்புத் திண்ணையில் சந்தித்தேன். “பழசுக்கு எதுக்கு டீச்சர் செலவழிக்கணும்? புதுசா நாலு வாங்கிப் போட்டுருவோம்” என்றார். அப்போது மேலே ஆட்கள் மழைக்கு முன்னதாக ஓடு பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். “ஐயா, ஆளே இல்லாத வீட்டுக்கு வருசா வருசம் எதுக்கு ஓடு மாத்துறீங்க?” என்று கேட்டேன். சற்று நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு ஓடு விலகினா தண்ணி இறங்கி உத்தரமே போயிருமே” என்றார். பிறகு, “பேட்டரிக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். அன்று முதல் ஆண்டுக்கு 25,000 ரூபாய், பராமரிப்புக்கு மட்டும் என்று எழுதி அனுப்பி வருகிறார். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. எங்கள் மாடிப்படிக்குக் கீழே 11 பழைய படக்குழாய்த் திரைகள் (சிஆர்டி மானிட்டர்கள்) அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்புப் பதிவேட்டிலிருந்து அவற்றை நீக்க ஆணை வர வேண்டும். மூன்று முறை எழுதியிருக்கிறேன். நான்காவது கடிதம் சென்ற வாரம் போயிருக்கிறது.

இப்போது ஒவ்வொரு கணினிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் அதற்கு வந்த பாகங்களும் செலவும், வலப்பக்கம் அது நின்றுபோன நாட்கள். கணக்குப் பார்ப்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிளஸ் ஒன் மாணவி ஒருத்திதான் இந்த ஆண்டு அதை எழுதுகிறாள். ஏழாம் எண் கணினியின் பக்கத்தில் பத்தாண்டுச் செலவு 5,140 ரூபாய், நின்ற நாள் 9 என்று கூட்டிப் போட்டிருக்கிறாள். கீழே அவள் கையெழுத்திலேயே, மின்விசிறியில் சத்தம் வருகிறது, பொங்கல் விடுமுறைக்குள் எண்ணெய் விட வேண்டும் என்று குறித்திருக்கிறது.