ஏரியா குவாண்டம் கணினியின் பிழை தணிப்பு வசதி: 75 டொலருக்குப் பெறுமதியா?

திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறேன். கோணேசபுரி கம்பஸில் கணினி படிக்கும் பழைய மாணவர்கள் சிலர், "அமேசன் பிராக்கெட்டில அயன்கியூவின்ர ஏரியாவை ஓட்டிப் பாப்பம் சேர்" என்று வந்து நின்றார்கள். ஏரியா என்பது அயன்கியூ நிறுவனத்தின் குவாண்டம் கணினி; பிராக்கெட், அப்படியான கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடும் சேவை. ஓட்டினோம். அதிலுள்ள டிபயசிங் என்ற பிழை தணிப்பு வசதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஓட்டியபோது அனுப்பும் ஒரு வேலைக்கு 30 சதம், அதில் ஒரு ஷொட்டுக்கு (கணக்கை ஒருமுறை ஓட்டுவதற்கு) 3 சதம். டிபயசிங் வேண்டுமென்றால் குறைந்தது 2500 ஷொட் போட்டே ஆகவேண்டியிருந்தது. கூட்டினால் 75 டொலர் 30 சதம். இங்கே ஒரு பிள்ளை தனியாகக் கட்டக்கூடிய காசில்லை. கட்டாரில் வேலை செய்யும் மாணவன் ஒருவன்தான் கட்டினான்.

ஏரியாவில் 25 கியூபிட், அதாவது அளந்தால் 0 அல்லது 1 என்று விடை தரும் குவாண்டம் அலகுகள். ஒவ்வொன்றும் வெற்றிடத்தில் மின்புலம் பிடித்து வைத்திருக்கும் ஓர் இற்றர்பியம் அயன். கணக்கைச் செய்விப்பது லேசர். எல்லா அயனிலும் லேசர் ஒரே அளவாகப் படுவதில்லை. அந்தப் பிழை ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்வதால், ஷொட்டைக் கூட்டினாலும் போகாது. டிபயசிங் அதே சுற்றை, அதாவது கணக்கின் படிவரிசையை, பல விதமாக மாற்றி, வேறு வேறு அயன்களில் ஓட்டுகிறது. தராசில் பொருளையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துச் சராசரி எடுப்போமே, அதே யோசனைதான்.

நான்கு கியூபிட்டும் எப்போதும் ஒரே விடை தரும்படி பிணைத்த சுற்றைக் கொடுத்தோம். 0000, 1111 இரண்டும்தான் வரவேண்டும். சராசரி முடிவில் அவை உயர்ந்து நிற்க, 0111 போன்ற பொய் விடைகள் அடியில் சிறுசிறு துண்டுகளாகக் கிடந்தன. பெரும்பான்மை வாக்குப்போல விடை தேரும் ஷார்ப்பனிங் முடிவில் அந்தத் துண்டுகள் அநேகமாக இல்லை. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு முடிவும் ஒரே கட்டணத்தில் வருவது நல்ல விஷயம்.

ஆனால் ஷார்ப்பனிங்கை எல்லாவற்றுக்கும் நம்பாதீர்கள். விடை பல இடங்களில் பரவிக் கிடக்கும் கணக்கில் அது சிறிய உண்மைகளையும் சேர்த்து அமுக்கிவிடும். அங்கே சராசரியைத்தான் பார்க்கவேண்டும். இது பிழை திருத்தமும் இல்லை. திருத்தத்துக்குப் பல கியூபிட்டைச் சேர்த்து ஒன்றாக்கவேண்டும்: 2024 இல் மைக்ரோசொஃப்டும் குவாண்டினுவம் நிறுவனமும் அயன் கணினியில் 30 கியூபிட்டிலிருந்து, இப்படி ஒன்றாக்கிய 4 "தர்க்கக் கியூபிட்" எடுத்தார்கள்.

இறுதியாண்டு செயற்றிட்டம் செய்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் ஓட்டத்துக்குக் கட்டலாம், வீண்போகாது. அதற்கு முன் சுற்றை உங்கள் மடிக்கணினியிலேயே பிராக்கெட் சிமுலேட்டரில் ஓட்டிச் சரிபாருங்கள். அதற்குக் காசில்லை.