நேரத்துக்கு 70, நோய்க்கு 5: ஏர்சென்ஸ் 10 இயந்திரமும் மைஏர் செயலியும்

ஏர்சென்ஸ் 10 என்ற காற்றழுத்த இயந்திரத்தை எட்டு மாதங்களாக ஒவ்வோர் இரவும் பயன்படுத்தி வருகிறேன். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் எனக்கு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் வைத்தியர் அல்லர், என் மனைவி. குறட்டை சட்டென்று நிற்குமாம். அவர் மனத்துக்குள் எண்ணத் தொடங்கி இருபத்தைந்தை எட்டும்போது நான் திணறி எழுந்து மறுபடி குறட்டை விடுவேனாம். பரிசோதனையில் மணிக்கு 41 தடவை என்று வந்தது. 30ஐத் தொட்டாலே அது கடுமையான நிலை. பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை இவ்வியந்திரத்தை இலவசமாகத் தருவதால் விலையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

1981இல் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறைதான் இன்றும் இதன் அடிப்படை: மூக்கின் வழியாக இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்தால், தளர்ந்த தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். புதிதாகச் சேர்ந்தது உள்ளே இருக்கும் மோடம். காலையில் முகமூடியைக் கழற்றிய சிறிது நேரத்தில் அந்த இரவின் சுருக்கம் கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே வைத்தியசாலைக்குப் போய்விடுகிறது. வீட்டு இணைய இணைப்பு தேவையில்லை. இங்கு சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2021 வழிகாட்டி, சிகிச்சையின் முதல் 12 மாதங்கள் வரை இத்தகைய தொலைக் கண்காணிப்பை வழங்கும்படி சொல்கிறது. அதே தகவலின் எளிய வடிவத்தைத்தான் நோயாளியாகிய நாம் மைஏர் செயலியில் பார்க்கிறோம்.

செயலி ஒவ்வோர் இரவுக்கும் 100க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. அதில் 70, பயன்படுத்திய நேரத்துக்கு உரியது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து மதிப்பெண்ணாக ஏழு மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். முகமூடி காற்றுக் கசியாமல் பொருந்தியிருந்தால் 20. இடையிடையே கழற்றி மாட்டாமல் இருந்ததற்கு 5. எந்த நோய்க்காக இத்தனை பாடும் படுகிறோமோ, அந்த மூச்சுத் தடை எத்தனை தடவை வந்தது என்பதற்கு மிஞ்சிய 5. நாம் தூங்கினோமா என்பதும் இயந்திரத்துக்குத் தெரியாது. முகமூடி முகத்தில் இருந்ததா என்பதே அதன் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு டெஸ்ட் போட்டியை நள்ளிரவு தாண்டியும் முகமூடியோடு பார்த்துக்கொண்டிருந்த அன்றும் என் நேர மதிப்பெண் நிறைவாகவே இருந்தது, அந்தக் களவு என்னுடையது.

இந்த மதிப்பெண்ணால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவில் 1,455 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்கள் சராசரியாக 3.8 மணி நேரமும், இணையவழி விளக்கத்துடன் தானியங்கி நினைவூட்டலையும் பெற்றவர்கள் 4.8 மணி நேரமும் இயந்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். முதல் இரண்டு வாரங்களில் என்னையும் கட்டிலில் பிடித்து வைத்தது அந்த எண்தான்.

எனக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். நான் சராசரியாக ஆறரை மணி நேரம் அணிந்ததால், என்னைக் கவனிக்கும் உறக்கச் சிகிச்சைப் பிரிவின் பட்டியலில் நல்ல பிள்ளையாகிவிட்டேன். நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக அணிபவர்களைத்தான் அவர்கள் தொலைபேசியில் அழைப்பார்களாம். மணிக்கு 11 தடவை இன்னும் மூச்சு தடைப்பட்டுக்கொண்டிருந்ததும், பகலில் கணினியின் முன் தலை சாய்ந்ததும் ஏழு வாரங்களாக யார் கண்ணிலும் படவில்லை. நானே அழைத்தபோது தாதி கேட்ட முதற் கேள்வி, “உங்களுக்கு மீசை இருக்கிறதா?” என்பது. மீசை இருந்தால் முகமூடியின் ஓரத்தில் காற்றுக் கசியுமாம். இருபது ஆண்டு கால மீசையைக் கத்தரித்தேன். கசிவு குறையவில்லை.

பிறகு இயந்திரத்தின் நினைவக அட்டையை எடுத்து, ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். செயலியில் ஒற்றை எண்ணாகக் கிடந்த இரவு அங்கே நிமிடத்துக்கு நிமிடம் விரிந்தது. மூன்று மணி வரை கசிவுக் கோடு தரையோடு கிடந்தது; அதன் பின் நிமிடத்துக்கு 24 லீற்றர் என்ற எல்லையைத் தாண்டி மலைபோல் எழுந்து விடியும்வரை இறங்கவே இல்லை. கனவு வரும் உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம், அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும். என் வாய் திறந்துகொள்ள, மூக்கு வழியே போன காற்றெல்லாம் வாய் வழியே வெளியேறியிருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பியதும் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முகமூடி வந்தது. அன்று மாலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், கட்டிலருகே இருந்த இயந்திரத்தின் குறைந்தபட்ச அழுத்தத்தை வைத்தியசாலையில் இருந்தபடியே 6இலிருந்து 8ஆக உயர்த்திவிட்டார்கள். இப்போது மணிக்கு 3.

நேரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் திட்டத்தில், இயந்திரத்துக்குத் தொடர்ந்து பணம் கிடைக்க, முதல் மூன்று மாதங்களுக்குள் தொடர்ச்சியான 30 நாட்களில் 70 வீதமான இரவுகளில் குறைந்தது நான்கு மணி நேரம் அணிந்ததாகக் காட்ட வேண்டும். இங்கு பிரித்தானியாவில் நடுத்தரமான அல்லது கடுமையான நோயோடு பகல் தூக்கமும் உள்ள சாரதிகள் உரிம அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு, நோய் கட்டுப்படும்வரை வாகனம் ஓட்டாதிருக்க வேண்டும். அதன்பின் கார் ஓட்டுபவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பேருந்து, பாரவூர்தி ஓட்டுபவருக்கு ஆண்டுதோறும் மீளாய்வு உண்டு. ஆகவே வீட்டில் யாராவது இதைத் தொடங்கினால் செயலியின் 100ஐப் பார்த்து ஆறுதல் கொள்ளாமல், அதன் உள்ளே மணிக்கான தடைகளையும் கசிவையும் தனித்தனியாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கான தடைகள் ஐந்துக்கு மேல் நின்றால் வைத்தியசாலையின் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டாம். குளிர்காலத்தில் குழாய்க்குள் ஈரம் தேங்கி மூக்கில் சொட்டும். சூடேறும் குழாயை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.