வெள்ளவத்தை வீட்டில் திருத்திய டியர்ட்ராப் ட்ரெயிலர்: நாலு வருடப் பாவனைக்குப் பிறகு

2021 பெப்ரவரியில் வேலை முடிந்தது. அன்றே எழுதியிருந்தால் பெயின்டையும் பலகையின் பளபளப்பையும் பற்றி நிறைய எழுதியிருப்பேன். நாலு மழைக்காலம் கண்டபிறகு எழுதுவதால் இதில் முக்கால்வாசி தண்ணீர்க்கதைதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டியர்ட்ராப் என்பது காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சின்னப் படுக்கையறை. பக்கவாட்டில் பார்த்தால் முன்பக்கம் உருண்டு பின்பக்கம் சரிந்து ஒரு நீர்த்துளி போல இருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் குசினி. அமெரிக்காவில் 1930களில் பரவி, இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இன்னும் பெருகியது. வீட்டிலேயே செய்துகொள்ள வரைபடங்கள் அங்கத்தைய மெக்கானிக் சஞ்சிகைகளில் வந்தன. பல வரைபடங்களில் அளவு 4 அடிக்கு 8 அடி, ஏனென்றால் ஒரு பிளைவுட் பலகையின் அளவே அதுதான். என்னுடையதும் அப்படியொரு வரைபடத்தைப் பார்த்து மலைநாட்டில் யாரோ செய்வித்தது. பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டுக் கராஜுக்குள் விறகுக்கு நடுவே கிடந்ததை 2019 கடைசியில் வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பதிவுப் புத்தகம் கையில் இருந்தபடியால்தான் வாங்கினேன். அது இல்லாத ட்ரெயிலர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் வேறு வேலை இல்லை, போர்ட்டிகோவில் வைத்துக் கழற்றத் தொடங்கினேன். வெளியே பார்க்க அலுமினியத் தகடு நல்லாகத்தான் இருந்தது. பின் இடது மூலையில் தகட்டை மெல்ல நெம்பினபோது ஒரு புளித்த மணம் வந்தது. உள்ளே பிளைவுட் தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரி, விரலால் தொட்டால் பாளம் பாளமாக உரிந்து வந்தது. ஒவ்வொரு இரும்புத் திருகாணியைச் சுற்றியும் வெள்ளைப் பொடி, அதற்குக் கீழே அலுமினியத்தில் ஊசிமுனை அளவில் ஓட்டைகள். இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம்தான் கரையும், உப்புக்காற்று சேர்ந்தால் இன்னும் கெதியாக. மலையில் இருக்கும்போதே இந்த நிலை என்றால், கடலுக்கு மூன்று ஒழுங்கை தள்ளி இருக்கும் என் வீட்டில் என்ன ஆகும் என்று அன்றைக்கு விளங்கியது.

அதனால் எல்லாத் திருகாணியையும் துருப்பிடிக்காத உருக்கில் போட்டேன், அதுவும் தகட்டை நேரே தொடாமல் நைலோன் வாஷர் வைத்து. நிலத்துக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், பக்கங்களுக்கு 12. வெட்டின ஒவ்வொரு விளிம்புக்கும் தண்ணீர் புகாத எபொக்சிப் பிசின் இரண்டு பூச்சு கொடுத்தேன், ஏனென்றால் பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பால்தான். கூரை வளைவுக்கு 3 மில்லிமீற்றர் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்தோம். அந்த வளைவு மட்டும் எனக்குச் சரிவரவில்லை, மொறட்டுவையில் தளபாடம் செய்யும் ஒரு தச்சு பாஸிடம் கொடுத்துத்தான் செய்வித்தேன். சில்லு பேரிங்குகளை, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, அரை மணித்தியாலத்தில் வாங்கிவிட்டேன்.

இடுக்குகளை அடைக்க முதலில் சிலிக்கோன் வாங்கி வைத்திருந்தேன். கொட்டாஞ்சேனையில் அலுமினிய வேலை செய்யும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, இது முதல் மழைக்கு நிக்கும். பிறகு விட்ட இடத்தில திரும்ப எதை ஒட்டினாலும் பிடிக்காது." அவர் சொன்னபடி பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவை வைத்துத் தகட்டை இறுக்கினேன். அது காய்ந்து இறுகாமல் களி மாதிரியே இருப்பதால், ரோட்டில் குலுங்கும்போது பலகையோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். இன்றுவரை அந்த இணைப்புகளில் ஒரு சொட்டு இறங்கி நான் காணவில்லை.

ஒழுகினது பின்கதவுக் கீல். அதற்கு மேலே மழைத்தடுப்பாக லொறி டியூபை வெட்டிப் போட்டிருந்தேன், கொழும்பு வெயிலில் ஒரு வருடத்துக்குள் வெடித்துவிட்டது. பிறகு வெயிலைத் தாங்கும் ஈபிடிஎம் ரப்பர் போட்டேன், மூன்றாவது வருடம் போகிறது, இன்னும் மிருதுவாகத்தான் இருக்கிறது.

2022இல் எரிபொருள் இல்லை. வரிசை, அப்புறம் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீடு, கிடைத்த பெட்ரோல் வேலைக்குப் போய்வரவே காணாது. ட்ரெயிலரை நீலத் தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு ஐந்து மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்த்தபோது மெத்தையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், உள்பலகையின் வார்னிஷ் பால்நிறமாகியிருந்தது. மழை உள்ளே போகவே இல்லை, உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழி இல்லாமல்தான் அப்படி ஆனது. எனக்கு மனம் விட்டுப்போன நாள் அது. இப்போது மேலே தகரக்கூரை மட்டும், நாலு பக்கமும் திறப்பு, மெத்தைக்குக் கீழே இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள். வாரம் ஒருதரம் இரண்டு கதவையும் திறந்து விடுகிறேன். அதன்பிறகு பூஞ்சணம் வரவில்லை.

இழுப்பதில் இரண்டு பாடம் படித்தேன். முதலாவது பாரம். முதல் பயணத்தில் 20 லீற்றர் தண்ணீர்க் கானைப் பின்குசினியில் வைத்துக்கொண்டு புத்தளம் றோட்டில் போனபோது 70 கிலோமீற்றர் வேகத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கியது. காலை எடுத்து மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்தினேன், கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து, ட்ரெயிலரைக் காரில் மாட்டும் கொளுவியின் கீழே ஆள்நிறுக்கும் தராசை வைத்துப் பார்த்தால் 30 கிலோ. சாமானோடு முழுப்பாரம் 420 கிலோ, அதில் பத்தில் ஒன்றாவது, முடிந்தால் அதைவிடக் கொஞ்சம் கூட, கொளுவியில் இறங்க வேண்டும். கானை முன்பக்கம் மாற்றினேன், 49 ஆனது, ஆட்டம் நின்றுவிட்டது.

இரண்டாவது லைட். கடுகண்ணாவையில் ஏறும்போது பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்துச் சைகை காட்டினார், இடது சிக்னல் போட்டால் பின்லைட் முழுக்க மங்கி மங்கி எரிகிறது. பழைய வயரிங்கில் எர்த்துக்குத் தனி வயர் கிடையாது, கொளுவியின் உருண்டை வழியாகத்தான் மின்சாரம் திரும்பிப் போனது. கிறீஸும் துருவும் சேர, தொடுப்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. பிளக்கிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் வெள்ளை வயர் ஒன்று தனியாக இழுத்தேன், பிரச்சினை அன்றோடு தீர்ந்தது. பழைய ட்ரெயிலர் வாங்குபவர்கள் பெயின்டைத் தொட முதல் இதைச் செய்யுங்கள்.

இதற்குத் தனி பிரேக் இல்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளால் இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மேலே போவதே இல்லை.

படுக்கை எப்படி என்று கேட்பவர்களுக்கு: அப்புத்தளையில் தை மாதத்தில் இதைவிடச் சுகமான இடம் எனக்குத் தெரியாது. இரண்டு பேரின் உடம்புச் சூடே போதும். நிலாவெளியில் ஆகஸ்டில் மனைவி சாமம் 2 மணிக்கு எழும்பிப் போய்க் கடற்கரையில் இருந்தா. "ஃபேன் போடாட்டி இனி நான் வரமாட்டன்" என்றா, நியாயம்தான். கூரை ஜன்னலில் 12 வோல்ட் ஃபேன், இரண்டு கதவிலும் நுளம்பு வலை, இவ்வளவும் போட்டபிறகு அதே நிலாவெளியில் விடியும்வரை நித்திரை கொண்டோம். ட்ரெயிலர் நிறுத்தவென்று தனி இடங்கள் இங்கே பழக்கமில்லாததால் விடுதி வளவு, தெரிந்தவர்களின் தென்னந்தோட்டம், இப்படிக் கேட்டுத்தான் நிறுத்துகிறோம். ஒருவரும் இதுவரை மறுத்ததில்லை. பின்கதவைத் தூக்கித் தேத்தண்ணி வைத்தால் அந்த வளவுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி வந்து நிற்கும். ஹபரணைப் பக்கம் மட்டும் இருட்டினபிறகு நிறுத்துவதில்லை, யானை வரும் றோட்டு.

போன கிழமை பின் இடது மூலையை, முதலில் உக்கிப்போயிருந்த அதே மூலையை, ஸ்குறூட்ரைவர் முனையால் அழுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் கொஞ்சம் உள்ளே போனது. மே மழை தொடங்க முதல் அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டும். பியூட்டைல் நாடா இரண்டு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன்.